அண்ணி, இன்னும் ரெண்டு வருஷம் இருக்காம்!

இந்தப் பகுதியில் வாராவாரம் சமையல் குறிப்பு, பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் சமாச்சாரம் எல்லாம் ஒன்று விடாமல் படித்து வருகிறேன். நான் எழுத வந்தது கொஞ்சம் வேறு விஷயம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் என் நாத்தனாரைப் பற்றியது. ஊசி போடும் டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து, பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொள்வார்களே, அது. ப்ளஸ் டூவோடு நின்றுவிட்ட நான் இதைப் பற்றி எழுதுவதா என்று நினைக்காதீர்கள். அந்தப் படிப்பு பாதியில் நிற்க இருந்ததற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனார் எங்கள் வீட்டில் கடைக்குட்டி. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பக்கத்து டவுனில் இருக்கும் கல்லூரியில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். எங்கள் பக்கத்து வயல் வரப்புகளில் முளைக்கிற புல் பூண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி. ஒவ்வொரு செடியையும் வேரோடு எடுத்து வந்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கல்லை ஏற்றி அழுத்திக் காயவைப்பாள். காய்ந்ததும் கெட்டி அட்டையில் தைத்து ஒட்டி, கீழே பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதுவாள். என் அம்மிக்கல் எத்தனையோ நாள் செடிக்கு மேல்தான் இருந்தது! "ஏண்டி, நாத்து நடுற பொம்பளைங்க கூலிக்குப் புடுங்கிப் போடுற களையை நீ பட்டத்துக்குப் புடுங்குறியா?" என்று மாமியார் கேலி செய்வார்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. நல்ல இடமாக வரன் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று, "பொண்ணு படிக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்கள் பையன் வீட்டில். நாங்களும் சந்தோஷமாகத் தட்டை மாற்றிக்கொண்டோம். அந்த மாதிரி சொல்கிற வீடுகளே குறைவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'ஆட்சேபணை இல்லை' என்பது வேறு, படிக்க வைப்பது வேறு என்பது பிறகுதான் புரிந்தது. மாப்பிள்ளைக்கு வேலை ஓசூர் பக்கம். இவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இருப்பது இங்கே. ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து, அவரைப் பார்த்துவிட்டு, அடுத்த ராத்திரி பஸ்ஸில் திரும்புவாள். முதலில் மாதம் ஒரு தடவை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவை வந்தபோது, ஆய்வுக்கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்த மேசையைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இவளுடைய நோட்டுகள் அட்டைப்பெட்டியில் மூலையில் இருந்தன. "நீதான் வர்றதே இல்லையேம்மா" என்று பதில்.

அப்புறம் குழந்தை உண்டானாள். அந்தச் செய்தியைச் சொல்லப் போனவளிடம் வழிகாட்டி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "கல்யாணப் பத்திரிகை கொடுத்தப்பவே நினைச்சேன். உன் இடத்தை ஒரு பையனுக்குக் கொடுத்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்." அவர் கெட்ட மனிதர் இல்லை. பல பேரைக் கைதூக்கி விட்டவர் என்று ஊரில் பெயர். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு வருடம் முடியப் போகிறது, அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும் என்று. கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போது நான் சொன்னது என்ன தெரியுமா? "போதும்மா. புள்ளையப் பாரு. பட்டம் வாங்கி என்ன பண்ணப் போற? மாப்பிள்ளை நல்லாத்தானே சம்பாதிக்கிறாரு."

அக்கறையில்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் வேறு ஒன்றும் இருந்தது. ப்ளஸ் டூவில் நான் 1200க்கு 978 வாங்கினேன். கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த சமயத்தில் கல்யாணம் நிச்சயமாகி, விண்ணப்பம் பீரோவிலேயே இருந்துவிட்டது. எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று மனசு ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டிருக்கிறது. பொறாமை என்றால் பொறாமைதான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதது. எழுந்து போனால், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காய்ந்த செடி ஒட்டிய அட்டைகளைப் பிரித்து வைத்திருந்தாள். முந்நூற்றுக்கும் மேல் இருக்கும். "அண்ணி, இதையெல்லாம் என்ன பண்றது? பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுடலாமா?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்போதுதான் அவள் அன்னா மணியின் கதையைச் சொன்னாள்.

அன்னா மணி 1918ல் கேரளத்தில் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1940ல் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கக் கற்கள் மீது ஒளியைப் பாய்ச்சி ஆராய்ச்சி. ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945ல் ஆய்வேட்டை எழுதிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையே என்று சொல்லி டாக்டர் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆராய்ச்சி சரியில்லை என்று மறுக்கவில்லை, பாருங்கள்! அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் மற்றவர்களின் ஆய்வேடுகளோடு பைண்டு செய்யப்பட்டு இருக்கிறதாம். ஏடு இருக்கிறது, பட்டம் இல்லை. அவர் மனம் தளரவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று வந்து, 1948ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976ல் ஓய்வு பெற்றார். மழை அளக்கும் கருவி, காற்று, வெயில் அளக்கும் கருவி எல்லாவற்றையும் நம் நாட்டிலேயே செய்ய வைத்தவர்களில் முக்கியமானவர் அவர்.

"அவங்களுக்காவது ஏட்டை முடிக்க விட்டாங்க அண்ணி. எனக்கு அதுகூட இல்லை" என்றாள்.

விடிந்ததும் நான் நேரே எங்கள் தெருக்கோடிக்குப் போனேன். அங்கே ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் இருக்கிறார். கோலப்போட்டிக்கும் கோவில் கும்பாபிஷேகத்துக்கும் தவிர அவர் வீட்டுப் படி ஏறியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விதியைப் படிச்சீங்களா?" என்பதுதான். யார் படித்தார்கள்! கடிதம் வந்தால் அழுவோம், இல்லாவிட்டால் சாமிக்கு வேண்டிக்கொள்வோம். விதியைப் படிக்கும் பழக்கம் நம் வீடுகளில் எங்கே இருக்கிறது?

அவரே போனில் எடுத்துக் காட்டி வரி வரியாகச் சொன்னார். உங்கள் வீட்டில், உறவில், தெருவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண் இருந்தால் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022ல் வெளியிட்ட பி.எச்டி. விதிகளின்படி, படிப்பை முடிக்க உச்சவரம்பு ஆறு வருடம். அதற்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து மேலும் இரண்டு வருடம் வரை வாங்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் கொடுக்கலாம். மொத்தம் பத்து வருடத்தைத் தாண்டக்கூடாது. பிரசவத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பு கொடுக்கலாம். இன்னொன்றைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற பெண், அதுவரை செய்த ஆராய்ச்சியைப் புது ஊரில் இருக்கும் கல்வி நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. பழைய இடத்தையும் பழைய வழிகாட்டியையும் ஏட்டில் குறிப்பிட வேண்டும். பணம் கொடுத்து நடத்தும் திட்டத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். 2016ல் வந்த விதிகளிலேயே இந்த 240 நாள் விடுப்பும் ஊர் மாற்றமும் இருந்திருக்கின்றன. இத்தனை வருடமாக ராத்திரி பஸ்ஸில் அவள் கால் வீங்க வந்து போனாளே, ஒருத்தராவது சொன்னார்களா? அவளும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"விதியில 'கொடுக்கலாம்'னுதான் இருக்கு, 'கொடுக்கணும்'னு இல்லை. அதனால எழுதிக் கேக்கணும். வாயால கேட்டா வாயாலேயே இல்லைன்னுடுவாங்க" என்றார் அந்தப் பேராசிரியை. எனக்குப் பிடித்துப் போய்விட்டது!

வீட்டுக்கு ஓடி வந்து நான் சொல்வதற்குள், அவரே என் நாத்தனாருக்குப் போன் பண்ணிவிட்டார் போலிருக்கிறது. வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணி, இன்னும் ரெண்டு வருஷம் இருக்காம்!" என்றாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனோம். "இந்த மாதிரி யாரும் கேட்டதில்லீங்களே" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். மேலே அனுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் வாங்கவும் இல்லை. இரண்டாம் தடவை விதியின் நகலையும் சேர்த்து வைத்து, என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அப்போது வாங்கிக்கொண்டார்கள். அதே காகிதம், அதே விதி. கூட ஓர் ஆம்பிளை வந்தால் மதிப்பு கூடிவிடுகிறது, இது என்ன நியாயமோ! நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டோம். ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. மறுபதிவுக் கட்டணம் கட்டச் சொல்லி, இரண்டு வருடம் கொடுத்திருந்தார்கள்.

இதற்கு நடுவில் அந்தப் பேராசிரியை வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தேன். அவர் சொன்ன இன்னொருவர் கமலா சோஹோனி. 1933ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் ராமன். பெண் என்பதற்காகவே இடம் மறுத்துவிட்டார். இந்தப் பெண் நேரே பெங்களூர் போய், காரணம் சொல்லாமல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் நிபந்தனைகள் போட்டு எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் முறையான மாணவி இல்லை. வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம். ஆண் மாணவர்களின் கவனம் சிதற இவர் காரணமாகக் கூடாது. இப்படிப் போகிறது பட்டியல். 1939ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வேடு வெறும் நாற்பது பக்கம்தானாம்! அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். திரும்பி வந்து நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்திலும் வேலை பார்த்திருக்கிறார். பிறகு பம்பாயில், நாம் பதநீர் என்கிறோமே, அந்த நீராவில் என்னென்ன சத்து இருக்கிறது என்று ஆராய்ந்து ஜனாதிபதி விருது வாங்கினார். ராமனிடம் படித்த அன்னா மணியையும் ராமன் தடுக்கப் பார்த்த சோஹோனியையும் ஒரே நாளில் கேட்டால் தலை சுற்றத்தான் செய்கிறது. நோபல் பரிசு வாங்கியவருக்கும் இந்த விஷயத்தில் கண் மறைத்திருக்கிறது என்றால், எங்கள் ஊர் வழிகாட்டியை நான் என்ன சொல்ல?

இவளுடைய மேசை பறிபோன கதையைச் சொன்னபோது அந்தப் பேராசிரியை சிரித்துவிட்டு, அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னார். அங்கே எம்.ஐ.டி. என்கிற பெரிய தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்று உயிரியல் பேராசிரியை. வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட சின்ன மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்ய அவருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1990களின் ஆரம்பத்தில் ஒரு நாள், நாம் ஜாக்கெட் அளவெடுக்க டேப் எடுப்போமே, அது போல ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடங்களை ஒவ்வொன்றாக அளந்துவிட்டார்! ஆண் பேராசிரியர்களுக்கு இருக்கும் இடத்தைவிடத் தனக்கு எவ்வளவோ குறைவு என்று அடி கணக்கில் தெரிந்துபோனது. பிறகு மற்றப் பெண் பேராசிரியைகளிடம் பேசினார். அங்கே அறிவியல் பிரிவில் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்களே மொத்தம் 15 பேர்தான். ஆண்கள் 194 பேர். எல்லோருமாகச் சேர்ந்து இடம், சம்பளம், பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். 1999ல் அறிக்கை வெளிவந்தபோது, பாகுபாடு நடந்தது உண்மை என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். புலம்பியிருந்தால் 'பொம்பளை புலம்பல்' என்றிருப்பார்கள். அளந்து காட்டியதால் வாயடைத்துப் போனார்கள்.

நம் நாட்டில் படிக்கப் போகிற பெண்கள் குறைவு என்று இப்போது சொல்ல முடியாது. 2021-22ம் வருடத்து மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் பி.எச்டி. படிப்பவர்கள் 2 லட்சத்து 13 ஆயிரம் பேர். அதில் பெண்கள் கிட்டத்தட்ட ஒரு லட்சம். 2014-15ல் 48 ஆயிரமாக இருந்தது இரண்டு மடங்காகியிருக்கிறது. கல்லூரி ஆசிரியர்களில் நூற்றுக்கு 43 பேர் பெண்கள். சேருவது சரி. முடிப்பதும், முடித்தபின் நல்ல வேலையில் அமர்வதும்தான் கஷ்டம். நேர்முகத் தேர்வில் என் நாத்தனாரின் தோழியிடம், "ஒரு குழந்தைதானா, அடுத்தது எப்போ?" என்று கேட்டார்களாம். ஆண் யாரிடமாவது கேட்பார்களா? நிரந்தர வேலையில் இருக்கிற பெண்ணுக்கு 2017 சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் தொட்டில் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் பக்கத்தில் நான் பார்க்கவில்லை.

குழந்தைக்காகவோ மாமனார் மாமியாரைப் பார்க்கவோ ஏற்கெனவே நின்றுவிட்டவர்களும் கை கழுவிவிட வேண்டாம். அறிவியல் படித்து இடையில் விட்ட பெண்கள் மறுபடி ஆராய்ச்சிக்கு வர, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03ல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. பிறகு 'கிரண்', இப்போது 'வைஸ்-கிரண்' என்று பெயர் மாறியிருக்கிறது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 'வயசாயிடுச்சே' என்று தயங்காமல் விசாரியுங்கள்.

உத்தரவு வந்தாலும் ஆய்வேடு தானாக எழுதிக்கொள்ளுமா? மாப்பிள்ளையிடம் என் கணவர் பேசினார். ஆறு மாதம் அவள் இங்கேயே இருக்கட்டும், ஞாயிறு தோறும் நீங்கள் வந்து போங்கள் என்று. இப்போது ராத்திரி பஸ்ஸில் வருவது அவர் முறை! காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை குழந்தை என் பொறுப்பு. சமையலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவேன். முதல் வாரம் நாலு தடவை கதவைத் தட்டினேன். "பால் குடிக்கணுமா பாரு", "துண்டு எங்கே வச்ச", "கூரியர்காரர் வந்திருக்கார்" என்று. ஒவ்வொரு தட்டலுக்கும் எழுதிக்கொண்டிருந்தது அறுந்து போகிறது, மறுபடி கோர்க்க அரைமணி ஆகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊறுகாய்க்கு எண்ணெய் காயும்போது யாராவது கூப்பிட்டால் நமக்கு எப்படி எரிச்சல் வரும்! இப்போது பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிறாள், நான் கதவுப் பக்கமே போவதில்லை.

ரொம்ப மாறியது என் மாமியார்தான். ஒரு நாள் மத்தியானம் அட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. முறத்தோடு வந்தவர் நின்று பார்த்தார். "இது ஆராக்கீரை. நாலு இலை சேர்ந்தாப்புல இருக்கும். இது கீழாநெல்லி. அய்யோ, இதுக்கு என்னடி பேரு எழுதியிருக்க? இதைக் கரிசலாங்கண்ணின்னு சொல்லு" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எது எந்த மாதத்தில் முளைக்கும், எதை மாடு தின்னாது, எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கடைந்து கொடுப்பார்கள் என்று எல்லாம் சொன்னார். நாத்தனார் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப் பெயர்களும் உபயோகமும் என்று தனியாக ஒரு பட்டியலே சேர்ந்திருக்கிறது. ஏட்டின் முன்பக்கத்தில் நன்றி சொல்வார்களாமே, அதில் அத்தை பெயரும் வரப்போகிறது. "எம் பேரு எதுக்குடி புஸ்தகத்துல?" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் வரப்புக்குப் போய் இன்னும் இரண்டு செடி கொண்டு வந்தார்.

ஐந்து அத்தியாயத்தில் மூன்று முடிந்திருக்கிறது. வழிகாட்டி இரண்டைப் படித்துவிட்டுத் திருத்திக் கொடுத்திருக்கிறார். மேசையைப் பற்றி இன்னும் பேச்சில்லை. மேசை எங்கள் சாப்பாட்டு மேசைதான். கல்லூரியில் குழந்தைகள் காப்பகம் கேட்டு வாங்கிய சகோதரிகள் யாராவது இருந்தால், யாரிடம், எப்படி எழுதிக் கேட்டீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். இங்கே படிக்கிற மற்றப் பெண்களோடு சேர்ந்து ஒரு மனு கொடுக்க என் நாத்தனார் நினைத்திருக்கிறாள். மணி பத்தாகப் போகிறது, குழந்தை எழுந்துவிட்டாள். மற்றவை பிறகு.

– ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்